பத்து என்பது எத்தனை விநாடி?

கார்லோஸ் படில்லா குத்துச்சண்டை உலகில் சாதாரண ஆள் இல்லை. 1975-ல் மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்றாவது முறையாக மோதியபோது நடுவராக நின்றவர் அவர்தான். பிலிப்பைன்ஸ்காரர். ஓய்வுபெற்று நெடுங்காலம் கழித்து, 2022-ல், உலக பாக்சிங் கவுன்சில் எடுத்த பேட்டி ஒன்றில் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், போகிற போக்கில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

2000 அக்டோபரில் மணிலாவுக்கு அருகே அன்டிபோலோவில் நடந்த சண்டை பற்றியது அது. மேனி பாக்கியாவ் அப்போது பிலிப்பைன்ஸுக்கு மட்டும் செல்லப்பிள்ளை, உலகத்துக்குத் தெரியாது. எதிரில் ஆஸ்திரேலியாவின் நெடல் ஹுசைன், அதுவரை தோற்காதவர். நான்காவது ரவுண்டில் ஹுசைனின் குத்து வாங்கி பாக்கியாவ் விழுந்தார். தானும் பிலிப்பினோ, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பிலிப்பினோக்கள், ஆகவே எண்ணிக்கையை இழுத்தேன், எப்படி இழுப்பது என்பது எனக்குத் தெரியும் என்ற பொருளில் படில்லா சிரித்துக்கொண்டே சொன்னார். எழுந்த பிறகும் ‘நல்லா இருக்கியா?’ என்று விசாரித்து இன்னும் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுத்தாராம். பாக்கியாவின் தலை மோதி ஹுசைனின் முகம் கிழிந்தபோது, குத்தினால் வந்த காயம் என்று அறிவித்ததையும் சேர்த்தே சொன்னார். பத்தாவது ரவுண்டில் ரத்தக் காயத்தைக் காரணம் காட்டிச் சண்டை நிறுத்தப்பட்டது. வெற்றி பாக்கியாவுக்கு. எட்டு மாதத்தில் அவர் லாஸ் வேகாஸில் கடைசி நேர மாற்று வீரராக ஏறி உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார்.

நடுவர் ஒருவர் இப்படி வாய்விட்டு ஒப்புக்கொண்டது அபூர்வம். ஆனால் எண்ணிக்கையை இழுக்க முடிகிறது என்பதில் எந்த அபூர்வமும் இல்லை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

விழுந்தவருக்குப் பத்து விநாடி என்றுதான் பார்வையாளர்கள் நினைக்கிறார்கள். நடைமுறை வேறு. வீரர் விழுந்த கணமே, ரிங்குக்கு வெளியே கையில் கடிகாரத்துடன் உட்கார்ந்திருக்கும் டைம்கீப்பர் எண்ணத் தொடங்குவார். நடுவருக்கு முதலில் வேறு வேலை இருக்கிறது. நின்றுகொண்டிருப்பவரை நியூட்ரல் கார்னருக்கு அனுப்ப வேண்டும். ரிங்கின் நான்கு மூலைகளில் இரண்டு வீரர்களுக்குச் சொந்தம், மற்ற இரண்டும் யாருக்கும் சொந்தமில்லாத மூலைகள். அவற்றில் ஒன்றுக்கு அவர் போய்ச் சேர்ந்த பிறகே நடுவர் திரும்பி, டைம்கீப்பர் எந்த எண்ணில் இருக்கிறாரோ அதைப் பிடித்துக்கொண்டு தொடர்வார். அவர் நான்கு என்றால் இவர் ஐந்து. இது ஒழுங்காக நடந்தால் பத்து எண்ணும் பத்து விநாடியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். நடுவர் காதில் டைம்கீப்பரின் குரல் விழவில்லை என்றாலோ, அவர் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டாலோ, கடிகாரம் ஒரு பக்கம், விரல்கள் ஒரு பக்கம். அப்போது செல்லுபடியாவது விரல்களே. நாக் அவுட் என்பது நடுவர் பத்து என்று சொல்லி முடிப்பது. கடிகார முள் பத்தைத் தொடுவது அல்ல.

நவீன குத்துச்சண்டைக்கு அடித்தளமான குவீன்ஸ்பெரி விதிகள் 1867-ல் லண்டனில் அச்சானவை. அதில் பத்து விநாடி என்று தெளிவாக இருக்கிறது. விழுந்தவர் பிறர் உதவியின்றி எழ வேண்டும், அதுவரை மற்றவர் தன் மூலைக்குப் போய்விட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் இந்தப் பின்பகுதியை நெடுநாள் யாரும் சட்டை செய்யவில்லை. அதனால் அதிகம் லாபம் பார்த்தவர் ஜாக் டெம்ப்சி. 1919-ல் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் போட்டார். 1923-ல் லூயிஸ் ஃபிர்போவையும் அப்படியே. விழுந்தவரின் தலைமாட்டிலேயே நிற்பார். அவர் முழங்காலை எடுத்து நிமிரும்போது அடுத்த குத்து தயாராக இருக்கும்.

அந்தப் பழக்கம் 1927 செப்டம்பர் 22 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் அவருக்கே எமனாக வந்தது.

முந்தைய ஆண்டு ஜீன் டன்னியிடம் பட்டத்தை இழந்திருந்த டெம்ப்சி, அதை மீட்க வந்திருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். வசூல் 26 லட்சம் டாலரைத் தாண்டியது. நின்றிருப்பவர் நியூட்ரல் கார்னருக்குப் போனால்தான் எண்ணிக்கை தொடங்கும் என்று இல்லினாய்ஸ் விதி சொன்னது, இரு தரப்புக்கும் முன்கூட்டியே அது தெரிவிக்கப்பட்டும் இருந்தது. ஏழாவது ரவுண்டில் டெம்ப்சியின் குத்துகள் வரிசையாக இறங்க, டன்னி கயிற்றோரம் சரிந்து உட்கார்ந்தார். இடது கை கயிற்றைப் பற்றியிருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் தரையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. டெம்ப்சி நகரவில்லை. நடுவர் டேவ் பாரி கையைக் காட்டுகிறார், பிடித்துத் தள்ளுகிறார். பழக்க தோஷம், மனிதர் அங்கேயே நிற்கிறார். கடைசியில் நகர்ந்தபோது டைம்கீப்பர் பால் பீலர் ஐந்து வரை வந்துவிட்டார். பாரி திரும்பி வந்து ‘ஒன்று’ என்றார். டன்னி ஒன்பதில் எழுந்தார். படச்சுருளை வைத்துக் கணக்கிட்டவர்கள் பதின்மூன்று, பதினான்கு விநாடி என்கிறார்கள். மீதி ரவுண்டில் டன்னி பின்னால் நகர்ந்து நகர்ந்தே தப்பினார், எட்டாவதில் டெம்ப்சியைக் கீழே போட்டார், பத்து ரவுண்டு முடிவில் புள்ளிகளில் வென்றார்.

‘நீண்ட எண்ணிக்கை’ என்று பெயர்பெற்றுவிட்ட அந்தச் சண்டையில் பாரி செய்தது விதிப்படி சரி. எட்டாவது ரவுண்டில் செய்தது சரியா என்பது வேறு விஷயம். டெம்ப்சி விழுந்தபோது டன்னி எந்த மூலைக்கும் போவதற்குக் காத்திராமல் உடனே எண்ண ஆரம்பித்துவிட்டார் அவர். டெம்ப்சி சட்டென எழுந்துவிட்டதால் முடிவு மாறவில்லை, ஆனால் ஒரே சண்டையில் ஒரே நடுவர் ஒரே விதியை இரண்டு விதமாக நடத்தியது படத்தில் பதிவாகிவிட்டது. டெம்ப்சி ரசிகர்கள் பல்லாண்டு சொன்ன குறையில் நியாயமான பகுதி இதுதான். ஏழாவது ரவுண்டுக்காக அவர்கள் நடுவரைத் திட்டியதைவிடத் தங்கள் ஆளைத் திட்டியிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. விழுந்தால் அவசரப்பட்டு எழாதே, எட்டு வரை உட்கார்ந்து மூச்சு வாங்கு என்பது எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்கிற பாடம். ஆகவே தெளிவோடு கீழே இருக்கும் வீரர் தலைக்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. நடுவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்பதில் எழுந்தவர், நடுவர் வேகமாக எண்ணியிருந்தால் வேகமாக எழுந்திருப்பார். தான் நினைத்திருந்தால் முன்பே எழுந்திருக்க முடியும் என்று டன்னியும் கடைசிவரை சொல்லிவந்தார். நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

டோக்கியோவில் 1990 பிப்ரவரி 11 அன்று இதே வழக்கு மறுபடி வந்தது. தோற்கடிக்கவே முடியாதவர் என்று பேர்பெற்ற மைக் டைசன், எட்டாவது ரவுண்டின் கடைசி விநாடிகளில் பஸ்டர் டக்ளஸை வீழ்த்தினார். எரிச்சலில் தரையைக் கையுறையால் ஒரு குத்து குத்தினார் டக்ளஸ். மயங்கியவர் செய்யும் காரியமா அது? நடுவர் ஆக்டேவியோ மெய்ரான் டைம்கீப்பரின் எண்ணைப் பிடிக்காமல் தானாக ஒன்றிலிருந்து எண்ண, டக்ளஸ் ஒன்பதில் எழுந்தார். பத்தாவது ரவுண்டில் டைசன் விழுந்தார். தளத்தில் தவழ்ந்து, கழன்றுபோன மௌத்கார்டைத் தேடியெடுத்து, அதன் ஒரு முனையைக் கடித்தபடி எழ முயன்ற காட்சி உலகம் முழுக்க ஓடியது. டைசனின் புரமோட்டர் டான் கிங் அன்றே ஸ்டாப்வாட்ச் கணக்கோடு வந்துவிட்டார். இரண்டு உலக அமைப்புகள் டக்ளஸை உடனே அங்கீகரிக்காமல் இழுத்தன. எங்கும் எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் பின்வாங்கின. டைசனுக்கு எண்ணப்பட்ட பத்தும் கடிகாரப்படி பத்து விநாடிக்குமேல்தான் என்பதைக் கிங் தரப்பு பேசவில்லை.

நடுவர் எண்ணுவது ஏன் இயந்திரத்தின் வேலையாகிவிடவில்லை என்றால், அந்தப் பத்து எண்ணுக்குள் நடப்பது பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை. 2018 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் டியான்டே வைல்டர், பன்னிரண்டாவது ரவுண்டில் டைசன் ஃப்யூரியை வலது இடது என்று அடுத்தடுத்து அடித்து மல்லாக்கச் சாய்த்தார். ஆறடி ஒன்பதங்குல உடல் அசைவற்றுக் கிடக்கிறது. வைல்டர் வெற்றி நடனமே ஆடிவிட்டார். பெரும்பாலான நடுவர்கள் அந்த இடத்தில் எண்ணாமலே கையை விரித்திருப்பார்கள், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஜாக் ரைஸ் மண்டியிட்டு, ஃப்யூரியின் முகத்துக்கு நேரே குனிந்து எண்ணினார். ஐந்துக்குப் பிறகு கண் திறந்தது, ஒன்பதில் ஆள் நின்றார். அதோடு விடவில்லை ரைஸ்: பக்கவாட்டில் நடக்கச் சொன்னார், திரும்பித் தன்னிடம் வரச் சொன்னார், கால் தடுமாறுகிறதா என்று பார்த்தார், பிறகுதான் சண்டையைத் தொடரவிட்டார். ஃப்யூரி அந்த ரவுண்டை முடித்ததோடு, வைல்டரையே தள்ளாட வைத்தார். முடிவு டிரா. வைல்டர் தரப்பு எண்ணிக்கை நீண்டது என்று இன்றும் சொல்கிறது.

நேரத்தைத் திருட வீரருக்கும் வழி இருக்கிறது. 2005 மே 7, லாஸ் வேகாஸ். ஹோசே லூயிஸ் காஸ்டியோவின் குத்தில் டியகோ கொரேல்ஸ் பத்தாவது ரவுண்டில் இரண்டு தடவை விழுந்தார், இரண்டு தடவையும் மௌத்கார்டு வெளியே வந்துவிட்டது. அதைக் கழுவி மாட்டாமல் சண்டையைத் தொடரவிடக் கூடாது என்பது விதி. நடுவர் டோனி வீக்ஸ் இரண்டாவது தடவை ஒரு புள்ளியைக் கழித்துவிட்டு அவரை மூலைக்கு அனுப்பினார். பயிற்சியாளர் ஜோ கூசன் நிதானமாக மாட்டிவிட்டார். திரும்பி வந்த கொரேல்ஸ், அதே ரவுண்டில், காஸ்டியோவைக் கயிற்றில் சாய்த்து நினைவிழக்கும்வரை அடித்தார். வீக்ஸ் நடுவில் புகுந்து நிறுத்தினார். ஒரு புள்ளி விலையில் கொரேல்ஸுக்குக் கிடைத்த விநாடிகள் எந்தப் பத்திலும் சேராதவை. குத்துச்சண்டை வரலாற்றின் மிகச்சிறந்த ரவுண்டுகளில் ஒன்றாக அதைச் சொல்கிறவர்கள், இந்த விவரத்தைச் சற்று மெதுவாகச் சொல்வார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நீண்டதைப் பற்றிய சண்டை. எண்ணி முடித்தபின் ‘போதும்’ என்று நிறுத்தியதால் வந்த சண்டை இன்னும் கசப்பானது. 1990 மார்ச் 17, டோக்கியோ நடந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. லாஸ் வேகாஸில் மெல்ட்ரிக் டெய்லரும் மெக்ஸிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸும் மோதினார்கள். இருவரும் அதுவரை தோற்காதவர்கள். பதினோரு ரவுண்டு முடிவில் மூன்றில் இரண்டு புள்ளி நடுவர்களின் தாளில் டெய்லர் வெகு தூரம் முன்னால் இருந்தார். நின்றாலே போதும். ஆனால் அவர் முகம் வீங்கி, வாய் கிழிந்து, விழுங்கிய ரத்தமே கொஞ்சநஞ்சமல்ல. கடைசி ரவுண்டின் கடைசி அரை நிமிடத்துக்குள் சாவேஸின் வலது குத்து அவரைத் தரையில் போட்டது. எழுந்துவிட்டார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணி, நல்லா இருக்கியா என்று கேட்டார். டெய்லர் தலையைத் திருப்பி, ரிங் ஓரம் ஏறிவிட்டிருந்த தன் பயிற்சியாளர் லூ டுவாவைப் பார்த்தார். பதில் இல்லை. ஸ்டீல் கையை விரித்தார். கடிகாரத்தில் மீதி இரண்டு விநாடி.

இரண்டே விநாடி! ஒரு குத்து விடக்கூடப் போதாத நேரம். கடைசிப் பத்து விநாடியைக் காட்டும் சிவப்பு விளக்கு கம்பத்தில் எரிந்துகொண்டிருந்தது. எந்த வெற்றியும் ஒரு மனித உயிருக்கு ஈடாகாது, நேரம் தன் கணக்கில் இல்லை என்று ஸ்டீல் சொன்னார். அதிலிருந்து நகரவே இல்லை. பல ஆண்டுகள் அவர் பெயர் அறிவிக்கப்படும்போதெல்லாம் அரங்கில் கூச்சல் எழுந்தது.

ஸ்டீல் ஏன் அப்படி நினைத்தார் என்பதற்கு எட்டு ஆண்டு பின்னால் போக வேண்டும். 1982 நவம்பரில் அதே ஊரில், ரே மான்சினியிடம் பதினான்காவது ரவுண்டில் விழுந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ நான்கு நாளில் இறந்தார். நடுவர் ரிச்சர்ட் கிரீன் மீது விதிமீறல் என்று எந்தக் குறையும் இல்லை. அடுத்த ஆண்டு அவர் தற்கொலை செய்துகொண்டார். உலகப் பட்டச் சண்டைகள் பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது அந்தச் சாவுக்குப் பிறகுதான். லாஸ் வேகாஸ் நடுவர்கள் யாருக்கும் அது செவிவழிச் செய்தி அல்ல, கூட வேலை பார்த்தவரின் கதை. விதிப்படி ஸ்டீல் கேட்ட கேள்விக்குப் பதில் வர வேண்டும், வரவில்லை. ஆகவே தீர்ப்பு செல்லும். இரண்டு விநாடி என்று தெரிந்திருந்தால் அவர் விட்டிருக்கலாமே என்ற ஆதங்கமும் செல்லும். டெய்லர் பழைய டெய்லராக அதன்பின் திரும்பவே இல்லை என்பதைப் பார்க்கும்போது, பன்னிரண்டாவது ரவுண்டுக்கு முன்பே யாராவது நிறுத்தியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது.

பல சமயம் தகராறு எண்ணிக்கையின் நீளத்தில் இருப்பதில்லை. நாக் டவுன் நடந்ததா என்பதிலேயே இருக்கும். சரியான குத்து பட்டு, பாதம் தவிர உடம்பின் எந்தப் பகுதி தளத்தைத் தொட்டாலும் நாக் டவுன். கயிறு தாங்கியிராவிட்டால் விழுந்திருப்பார் என்று நடுவர் கருதினாலும் நாக் டவுன். 2024 மே 18 அன்று ரியாத்தில் ஒன்பதாவது ரவுண்டில் ஒலெக்சாண்டர் உசிக்கின் குத்துகளில் ஃப்யூரி ரிங்கின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் பம்பரமாகச் சுழன்றார். கயிறு இல்லையென்றால் தரைதான். நடுவர் மார்க் நெல்சன் இடையில் புகுந்து எண்ணினார். ஒரு தரப்பு, விழாதவருக்கு எண்ணலாமா என்றது. மறு தரப்பு, இன்னும் ஒரு குத்தில் முடிந்திருக்கும், எண்ணிக் காப்பாற்றிவிட்டார் என்றது. இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆனால் தாளில் அதன் எடை ஒரே ஒரு புள்ளி. நாக் டவுன் இல்லாத ரவுண்டு பொதுவாக 10-9, இருந்தால் 10-8. உசிக் 115-112, 114-113 என்று இரண்டு தாளில் முன்னால். ஃப்யூரி ஒன்றில் 114-113. அந்த எண்ணிக்கை விழாமல் போயிருந்தால் உசிக்குக்கு 114-113 கொடுத்த தாள் சமனாகி, சண்டையே டிராவில் முடிந்திருக்கும்.

இதன் தலைகீழ்தான் 2025 மார்ச் 1 அன்று புரூக்ளினில் நடந்தது. ஒன்பதாவது ரவுண்டில் லமோன்ட் ரோச்சின் ஒரு ஜேப் வந்தபின், ஜெர்வான்டா டேவிஸ் தானாக ஒரு முழங்காலை மடக்கி மண்டியிட்டார். எழுந்து நேராகத் தன் மூலைக்குப் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைமுடிக்குப் போட்டிருந்த களிம்பு கண்ணில் வழிந்துவிட்டதாம். நடுவர் ஸ்டீவ் வில்லிஸ் எண்ணத் தொடங்கினார், நிறுத்தினார், நாக் டவுன் இல்லை என்று சண்டையைத் தொடரவிட்டார். தானாக மண்டியிட்டாலும் அது நாக் டவுன் கணக்கில்தான் வரும் என்பது அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்குத் தெரியும். மூன்று புள்ளி நடுவர்களில் ஒருவர் 115-113 என டேவிஸுக்குக் கொடுத்தார். மற்ற இருவரும் 114-114. முழங்காலுக்கு ஒரு புள்ளி கழிந்திருந்தால் அந்த இரண்டு தாளும் ரோச்சுடையவை, பட்டமும் அவருடையது.

வீடியோ மறுபார்வை நியூயார்க் மாநிலத்தில் உண்டு. அன்று இரவு தொழில்நுட்பக் கோளாறால் அது கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டது! கிடைத்திருந்தால் இந்த வழக்கு தீர்ந்திருக்கும். மண்டி போட்டதா இல்லையா என்பது படத்தைப் பார்த்தால் தெரியும் விஷயம். எண்ணிக்கை நீண்டதென்றால் மறுபார்வையும் உதவாது. பதினான்கு விநாடி ஆனது என்று திரை காட்டும்போது விழுந்தவர் எழுந்து அடுத்த குத்தை விட்டிருப்பார். அதை யாரால் திரும்பப் பெற முடியும்?

மிஞ்சுகிற பரிகாரம் மறுபோட்டிதான். 2013 நவம்பரில் மான்செஸ்டரில் ஜார்ஜ் குரோவ்ஸ் முன்னிலையில் இருந்தபோது, கார்ல் ஃப்ரோச்சுக்கு எதிரான சண்டையை நடுவர் ஹவர்ட் ஃபாஸ்டர் ஒன்பதாவது ரவுண்டில் அவசரப்பட்டு நிறுத்தினார் என்று கூச்சல் எழுந்தது. ஆறு மாதத்தில் வெம்ப்ளியில் 80,000 பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, எட்டாவது ரவுண்டில் ஃப்ரோச்சின் வலது கையால் குரோவ்ஸ் சாய்ந்ததைப் பார்த்தார்கள். தவறான தீர்ப்பால் புரமோட்டர்கள் நஷ்டப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. ரோச் தரப்பும் முறையிட்டது. நியூயார்க் ஆணையம் தள்ளுபடி செய்தது. மறுபோட்டி பற்றி அந்த ஆண்டு முழுக்கப் பேச்சு நடந்தது, சண்டை நடக்கவில்லை. ஏட்டில் அது டிரா.